மைக்கில் யோனி வறட்சி என்றுதான் சொல்வேன்

போன மாதம் ஒரு மகளிர் சங்கத்திலிருந்து போன் வந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போடுகிறார்களாம். மாதவிடாய் நின்ற பெண்கள் உடம்பை எப்படிக் கவனித்துக்கொள்வது என்று நான் பேச வேண்டுமாம். ஓய்வு பெற்ற நர்ஸுக்கு இதைவிட என்ன வேலை? உடனே ஒப்புக்கொண்டேன். போனை வைக்கப் போகும்போது அந்தச் செயலாளர் அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“சிஸ்டர், மூட்டு வலி, எலும்புத் தேய்மானம், தூக்கம் வராதது, திடீர்னு வேர்த்துக் கொட்றது எல்லாம் சொல்லுங்க. அந்தக் கீழ் விஷயம் மட்டும் வேணாமே. மாமியார் மருமக எல்லாம் ஒண்ணா உக்காந்துக்கினு இருப்பாங்க.”

“எந்தக் கீழ் விஷயம்மா? முட்டி கூடக் கீழதான் இருக்குது.”

அவர் சிரிக்கவில்லை. “உங்களுக்குத் தெரியாதா சிஸ்டர்” என்றார். தெரியும். நன்றாகவே தெரியும். மகளிர் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தக் கீழ் விஷயத்தைத்தான் பார்த்தேன். அதை விட்டுவிட்டுப் பேச வேண்டுமென்றால் எலும்பு டாக்டரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்துபோகிறது. அது குறைந்தால் யோனியின் உட்சுவர் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது, நெகிழ்ச்சி போய்விடுகிறது. எரிச்சல், அரிப்பு, கணவனோடு சேரும்போது வலி, சில பேருக்கு ஒரு சொட்டு ரத்தம். பக்கத்தில் இருக்கிற சிறுநீர்ப் பாதைக்கும் இதே கதிதான். அடிக்கடி போக வேண்டும், போனால் எரியும், வந்தால் அடக்க முடியாது. வேர்த்துக் கொட்டுவது பெரும்பாலும் சில வருஷங்களில் தானாக அடங்கும். இது அடங்காது, விட்டால் வளரும். ஆனால் மருந்து இருக்கிறது, நல்ல மருந்து. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொன்னால் மண்டபம் இடிந்து விழாது.

நான் முசரவாக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். சர்ச்சில் யாரோ சொல்லி நர்ஸிங்கில் சேர்த்தார்கள். விடுதிச் சாம்பார், வெள்ளை யூனிஃபார்ம், பரீட்சை என்று அந்த வருஷங்கள் ஓடிவிட்டன. அதில் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. எங்கள் பாடப் புத்தகத்தில் பிரசவத்துக்குப் பக்கம் பக்கமாக இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் வாழ்க்கைக்கு ஒரே ஒரு பத்தி. பிள்ளை பெற்று முடித்த பெண்ணிடம் புத்தகத்துக்குக் கூட வேலை இல்லை போலிருக்கிறது என்று அப்போதே எரிச்சல் பட்டேன்.

டாக்டர் சுலோசனாவிடம் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த ஒரு பத்தி விரிந்தது. அவர் மகளிர் பிரிவின் தலைமை மருத்துவர். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இறுக்கமான கொண்டை. நோயாளிகள் யாராக இருந்தாலும் ‘நீங்க’ என்பார். வயலில் இருந்து சேற்றுக்காலோடு வந்தாலும் ‘நீங்க’தான், பட்டுக்கடை முதலாளி வீட்டு அம்மாவும் ‘நீங்க’தான். எங்களைத்தான் ஒருமையில் வறுத்தெடுப்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

பரிசோதனை அறையில் அவருக்கென்று சட்டங்கள் இருந்தன. ஒரு பெண் மேசையில் படுத்திருக்கும்போது கதவு திறக்கக் கூடாது. கலெக்டரே வந்தாலும் கூடாது. முழங்காலுக்கு மேல் போர்வை போர்த்த வேண்டும், அதைப் பார்க்க வேண்டிய அளவுக்குத்தான் விலக்க வேண்டும். உள்ளே பார்க்கிற கருவியான ஸ்பெகுலத்தில் இருப்பதிலேயே சின்னதை எடுக்க வேண்டும். அதை ஒரு கிண்ணத்து வெந்நீரில் போட்டு வைப்பேன். எடுத்து முதலில் என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு நோயாளியின் தொடையில் தொட்டுக் காட்டி “சூடு சரியா இருக்குதாம்மா?” என்று கேட்க வேண்டும். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வேலை. நோயாளி கையைத் தூக்கினால் டாக்டர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். சிலருக்கு ஸ்பெகுலத்தை வைக்கவே முடியாது, அவ்வளவு புண்ணாக இருக்கும். அவர்களை வற்புறுத்த மாட்டார். வெளிச்சம் வைத்து வெளியிலிருந்து பார்த்துவிட்டு, “ரத்தம் எதுவும் படலைன்னா அவசரம் இல்ல. மருந்து போட்டு ஆறட்டும், அப்புறம் உள்ள பார்க்கலாம்” என்பார்.

எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் காட்டிக்கொடுத்தார். நல்ல நிலையில் உட்சுவர் இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக இருக்கும். வறட்சி வந்துவிட்டால் வெளுத்துப் பளபளவென்று, மடிப்பில்லாமல் வழவழப்பாக, அங்கங்கே குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். பஞ்சு பட்டாலே ரத்தம் கசியும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

ஆனால் அவர் செய்த வைத்தியத்தில் பாதி மேசையில் நடக்கவில்லை, கை கழுவும் தொட்டியில் நடந்தது. பரிசோதனை முடிந்ததும் நோயாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாகக் கை கழுவுவார். முக்கியமான கேள்வியை அப்போதுதான் கேட்பார். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். “வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா?” அந்தப் பெண் முந்தானையைச் சரிசெய்துகொண்டே அந்த முதுகிடம் பதில் சொல்லுவாள். ஏன் திரும்பி நின்று கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“மூஞ்சியப் பார்த்துக் கேட்டா அவங்க மானத்தைக் காப்பாத்திக்கணும் ஸ்டெல்லா. அதுக்காக இல்லைம்பாங்க. முதுகுகிட்ட பொய் சொல்ல யாருக்கும் தோணாது.”

ஒருமுறை, வயதான ஒரு அம்மா அந்தக் கேள்விக்கு “ஆமாம்மா, ரொம்ப வலிக்குது” என்றபோது மறைப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டாள். இந்த வயதிலுமா என்கிற சிரிப்பு. டாக்டர் அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, அந்த நர்ஸைக் கூப்பிட்டு, “உனக்கு அறுபது வயசு ஆவும்போது, உன்ன மாதிரி சிரிக்கிற பொண்ணு கையில நீ மாட்டக் கூடாதுன்னு வேண்டிக்கோ” என்றார். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் யாரும் சிரித்ததில்லை.

இந்த ஊரில் எல்லாவற்றையும் தறியில் வைத்துத்தான் புரிந்துகொள்வார்கள். பள்ளத் தறியில் உட்கார்ந்து நெய்யும் பெண்கள் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. எரிச்சலும் அடிக்கடி போகிற தொல்லையும் வந்தால் அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். கூடினால் இன்னும் குறைத்துக் குடிப்பார்கள்.

அதைவிட மோசம் ஒன்று. சாயப் பட்டறை நடத்துகிற வீட்டு அம்மா ஒருவர் வந்தார். வெளிப்பக்கம் முழுக்கத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார். முரட்டுப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்துப் பசையை எடுப்பார்கள், நூல் மெத்தென்று ஆகிவிடும். அந்தத் தண்ணீரை ஆறவைத்து அந்த அம்மா தினமும் கழுவி வந்திருக்கிறார்.

“மொறமொறன்னு இருக்கிற நூலே பூ மாதிரி ஆவுது டாக்டரம்மா. காஞ்சுபோன எனக்கு ஆவாதான்னு பார்த்தேன்.”

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நூலு உயிர் போனதும்மா. உங்க தோல் உயிரோட இருக்குது. சோப்பு வேணாம், சோடா வேணாம், டெட்டால் வேணாம். வெறும் தண்ணி போதும்.” அந்த அம்மாவுக்குப் புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. அதன்பின் வறட்சிக்கு மருந்து கொடுத்தோம். இப்போதும் தேரடியில் பார்த்தால் நின்று பேசுவார்.

எனக்கும் வந்தது. நர்ஸ் என்பதற்காக உடம்பு விலக்கு அளிக்குமா? நானும் அதே மேசையில் படுத்தேன், அதே கிண்ணத்து வெந்நீரில் ஸ்பெகுலம் சூடானது, டாக்டர் அதே தொட்டியில் எனக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். பதில் சொல்ல எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. எத்தனை பெண்களிடம் எவ்வளவு சுலபமாக “சொல்லும்மா” என்றிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர் எழுதிக் கொடுத்த க்ரீமை வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் படித்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே போய் எடுத்து வந்து, செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, நூல் வேறு கட்டப் போனார். எனக்கு முன்னால் இருமல் மருந்து வாங்கியவருக்கு அப்படியே கையில் கொடுத்திருந்தார்.

“ஏம்பா, அவருக்கு ஏன் கறுப்புக் கவர் போடல?”

“அது இருமல் மருந்து மேடம்.”

“இது யோனி வறட்சிக்கு. அதுவும் உடம்புதான், இதுவும் உடம்புதான். கவரை நீயே வச்சுக்கோ.”

கடையில் நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று டியூபைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அந்தக் கடைக்காரர் அதன்பிறகு என்னைக் கண்டால் கவரைத் தொட்டதில்லை.

இதெல்லாம் சொல்லிவிட்டேன், ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பத்மாவதி அம்மாளுக்காக. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “பேரையும் போடுங்க சிஸ்டர், பயமா நமக்கு?” என்றார். ஊர்ப் பெயரை மட்டும் நான் விட்டுவிடுகிறேன்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற சமணக் குடும்பம். ஐம்பதைத் தாண்டியவர், திடமான உடம்பு. சிறுநீர் எரிகிறது என்று வந்தார். இதற்கு முன்னால் வேறு இடங்களில் பலமுறை கிருமி மாத்திரை சாப்பிட்டாயிற்று. சாப்பிடும்போது கொஞ்சம் தேவலை, நிறுத்தினால் மறுபடி எரிச்சல். இருட்டிய பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை, பத்மாவதி அம்மாள் தண்ணீரும் குடிப்பதில்லை. அதனால்தான் என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கிருமி இல்லை.

அடுத்த முறை வந்தபோது தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். சில மாதங்களுக்கு முன்பு பாவாடையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டதாம். மாதவிடாய் நின்று வருஷங்கள் ஆன பிறகு ரத்தம் பட்டால் டாக்டர் சுலோசனா வேறு ஆளாகிவிடுவார். வறட்சியால் பட்டிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. அன்றைக்கே பார்க்க வேண்டும் என்றார்.

நான் கருவியைச் சூடாக்கினேன். மணிக்கட்டில் வைத்தேன், தொடையில் தொட்டுக் காட்டினேன். பத்மாவதி அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ மந்திரம் முணுமுணுத்தார். “மூச்சை வெளிய விடுங்க” என்று டாக்டர் ஒவ்வொரு நொடிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் இரண்டு முறை கை தூக்கினார், இரண்டு முறையும் நிறுத்தினோம். மூன்றாம் முறை முடிந்தது. வெளுத்த சுவர், சிவப்புப் புள்ளிகள், தொட்ட இடத்தில் கசிவு. கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்தோம். கருப்பைக்கு ஸ்கேன் எழுதினார். பிறகு எழுந்து தொட்டிக்குப் போனார்.

“வீட்டுக்காரரோட சேரும்போது எரியுதா?”

“அதெல்லாம் விட்டுட்டோம் டாக்டரம்மா.” குரலில் ஒரு கம்பீரம் இருந்தது. “நான் நோன்பு எடுக்கப் போறேன். பிரம்மச்சரிய நோன்பு. ஆயுசுக்கும். எங்க ஊர்ல மாதாஜி வந்து தங்கிக்கினு இருக்காங்க, நாலு மாசம் ஒரே ஊர்ல தங்கறது அவங்க வழக்கம். தீபாவளியோட கெளம்பிடுவாங்க. அதுக்குள்ள எடுத்துக்கணும். ஊர்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

மாதாஜி என்றால் பெண் துறவி. சமணர்களிடம் இந்த நோன்பு சாதாரணமானதல்ல, எடுத்தால் எடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது. கல்யாணமானவர் எடுத்தால் கணவரும் சபையில் சம்மதம் சொல்ல வேண்டும் என்று அவர் விளக்கினார். அவருடைய கணவர் சம்மதித்துவிட்டாராம். ஊரில் பெரிய மரியாதையாம். எனக்கு அவர் காலில் விழலாமா என்று கூடத் தோன்றியது.

டாக்டர் குழாயை மூடவில்லை. நிதானமாக விரல் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். “நோன்பு முதல்ல வந்துதா, எரிச்சல் முதல்ல வந்துதா?”

பத்மாவதி அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “கோயில் விஷயத்துல நீங்க தலையிடாதீங்கம்மா. வைத்தியம் பார்க்க வந்தேன், வைத்தியம் மட்டும் பாருங்க” என்று எழுந்தே விட்டார். டாக்டர் திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் போர்வையை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். கதவுப் பக்கம் போனவர் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“எரிச்சல்தான்” என்றார். சொன்னதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

அந்த அழுகையில் எல்லாம் வந்தது. கத்தி வைத்துக் கிழிப்பது போல வலித்ததாம். சொல்ல வெட்கமாம். தலைவலி, முதுகுவலி, சமணர் வீட்டில் எத்தனை உபவாசம் உண்டோ அத்தனையும் சாக்காகச் சொல்லியிருக்கிறார். சாக்கு தீர்ந்துவிட்டது. பிறகுதான் இந்த நோன்பு தோன்றியிருக்கிறது. கணவரின் கட்டில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டது. “அவருக்கு எம்மேல கோவம் இல்ல, அதுதாம்மா எனக்குக் கஷ்டமா இருக்குது” என்றார்.

டாக்டர் இப்போதுதான் திரும்பினார். “நோன்பு எடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க மனசு, உங்க சாமி. ஆனா எரிச்சலுக்குப் பயந்து எடுக்காதீங்க. இதைச் சரிபண்ணித் தரேன். அப்புறமும் எடுக்கணும்னு தோணிச்சுன்னா எடுங்க, நானே வந்து பார்க்கிறேன். முதல்ல ரிப்போர்ட் வரட்டும்.”

ரிப்போர்ட் வரும்வரை எனக்கும் நிம்மதி இல்லை. வந்தது. புற்றுநோய் இல்லை. கருப்பையின் உள்படலமும் மெல்லியதாக, ஒழுங்காக இருந்தது. வறட்சிதான். ஊரில் சிலர் சொல்லிப் பயமுறுத்தியிருந்த மாதிரி கருப்பையை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மார்பகப் புற்றுநோய் எப்போதாவது வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டுக்கொண்டார், வந்தவர்களுக்கு இந்த மருந்தை யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. இல்லை என்றதும் க்ரீம் எழுதப் போனார். பத்மாவதி அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இதுல உசுருள்ளது எதுனா கலந்திருக்குதா?”

வேறு டாக்டராக இருந்தால் கத்தியிருப்பார். இவர் பேனாவைக் கீழே வைத்தார். “நல்லாக் கேட்டீங்க. குதிரையோட மூத்திரத்துலருந்து எடுக்கிற ஹார்மோன்ல செய்யற க்ரீம் ஒண்ணு இருக்குது. அது உங்களுக்கு வேணாம். குதிரைச் சம்பந்தமே இல்லாதது இன்னொண்ணு இருக்குது, அதையே எழுதறேன்.” கடையில் மாற்றிக் கொடுத்துவிடாமல் இருக்க, என்னையே கூடப் போய்ப் பார்த்து வாங்கித் தரச் சொன்னார்.

போடும் விதத்தை நான் சொல்லிக் கொடுத்தேன். டியூபோடு ஒரு சின்னக் குழல் வரும், அதில் குறித்த அளவுக்கு நிரப்பிப் படுக்கும்போது உள்ளே வைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. உடனே பலன் தெரியாது, சில வாரங்கள் பொறுக்க வேண்டும், நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். சேரும்போது வழுக்கும் ஜெல் தனியாகத் தடவிக்கொள்ளலாம். இருட்டிய பிறகு தண்ணீர் இல்லையென்றால், வெளிச்சம் இருக்கும்போதே நிறையக் குடித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் முரண்டு பிடித்தார்.

“அவர்கிட்ட எனக்கு நா எழாது சிஸ்டர். நீங்க சொல்லிடுங்க.”

கணவர் பெயர் தரணேந்திரன். வெளியே சிமெண்டுப் பெஞ்சில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பூசி மெழுகாமல் சொன்னேன். என்ன வறண்டது, ஏன் வறண்டது, எவ்வளவு வலித்திருக்கும், மருந்து என்ன, இனி அவசரப்படாமல் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எல்லாம். அவர் மஞ்சப்பையின் காதை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

“வலிதானாம்மா?” என்றார்.

“வலிதாங்க.”

“எங்க கோயில்ல தரணேந்திரன், பத்மாவதின்னு ரெண்டு பேரும் சாமிக்கு ரெண்டு பக்கத்துல நிப்பாங்க. இந்தப் பேரப் பார்த்துத்தான் எங்களுக்குக் கட்டி வச்சாங்க. கட்டில வெளிய போடுன்னு சொன்னப்போ, சரி, என்னைப் புடிக்காமப் போச்சுன்னு நினைச்சிக்கினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன, பக்கத்துல போயிருப்பேனா?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சபையில சம்மதம்னு சொல்றப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது சிஸ்டர். எல்லாரும் பக்தின்னு நினைச்சாங்க.”

அந்தப் பெஞ்சில் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேருமே நல்லவர்கள். ஒரு டியூப் க்ரீமில் தீருகிற விஷயம் ஒரு கட்டிலைக் கொட்டகைக்கும் ஒரு பெண்ணை ஆயுள் நோன்புக்கும் தள்ளியிருக்கிறது. அவர்களுக்கு நடுவில் நின்றது நோய் கூட இல்லை, கீழ் விஷயம் பேசக் கூடாது என்கிற நம்முடைய நாசூக்கு.

ஆனால் இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. தீபாவளி நெருங்கிவிட்டது. ஊருக்கெல்லாம் சொன்ன நோன்பை எப்படி நிறுத்துவது? என்ன காரணம் சொல்வது? உடம்பு பலவீனம், நோன்பு தாங்காது என்று வேண்டுமானால் சான்றிதழ் எழுதித் தருகிறேன், காட்டிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பத்மாவதி அம்மாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிப் புறப்பட்டார். நோன்பை எடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஊர் முன்னால் சொன்ன சொல்லுக்காக எதையும் தாங்கிக்கொள்வார்கள் நம் பெண்கள்.

தீபாவளி போய், மழை விட்டு, பனி பெய்யத் தொடங்கிய பிறகுதான் வந்தார். முகத்தைப் பார்த்தே எரிச்சல் இல்லை என்று தெரிந்துகொண்டேன். டாக்டர் பரிசோதித்தார், இந்த முறை பத்மாவதி அம்மாள் கை தூக்கவே இல்லை. உட்சுவரில் இளஞ்சிவப்பு திரும்பியிருந்தது. டாக்டர் கை கழுவப் போனார். அவர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன்.

“நோன்பு என்னாச்சும்மா?”

“எடுக்கல.”

“என்ன சொன்னீங்க?”

“உள்ளதைச் சொன்னேன்.” பத்மாவதி அம்மாள் புடவையை உதறிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “மாதாஜி முன்னாடி பொம்பளைங்க எல்லாம் உக்காந்துக்கினு இருந்தாங்க. நான் எழுந்து நின்னேன். எனக்குக் கீழ வறண்டு புண்ணாயிடுச்சு, வீட்டுக்காரர் பக்கத்துல வந்தா உசுரு போற வலி, அதுக்குப் பயந்துதான் நோன்புன்னு சொன்னேன், அது நோன்பு இல்ல, தப்பிச்சு ஓடறது, மன்னிக்கணும்னு சொன்னேன். பொம்பளைங்க பூரா வாயைப் பொத்திக்கினாங்க.”

“மாதாஜி?”

“பயத்துல எடுக்கறது நோன்பாவாது, நல்லவேளை இன்னைக்கே சொன்ன, போய் உடம்பைப் பாருன்னாங்க.” திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “மறுநாள் காலையிலருந்து ஒவ்வொருத்தியா எங்க தோட்டத்துப் பக்கமா வராங்க சிஸ்டர். கருவேப்பிலை வேணும், கடலை வேணும்னு. வந்து நின்னு, அந்த டாக்டரம்மா என்னிக்கு இருப்பாங்கன்னு கேக்கறாங்க. எங்க வீட்டுக் கருவேப்பிலை மரம் மொட்டையாப் போச்சு.”

டாக்டர் சுலோசனா குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கழுவாமலே நின்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. போகும்போது வாசலில் நின்று, கட்டில் உள்ளே வந்துவிட்டதா என்று மட்டும் நான் மெதுவாகக் கேட்டேன். “கொட்டகையில இப்போ கன்னுக்குட்டி கட்டியிருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் இப்போது ஊரில் இல்லை, மகளோடு போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். மகளிர் பிரிவில் இப்போது இருக்கிற இளம் நர்ஸுகள் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்களும் சில சமயம் போன் செய்து, “சிஸ்டர், அந்தக் கேள்வியை எப்படிக் கேக்கறது?” என்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டாவது கேளுங்கள், ஆனால் கேளுங்கள் என்பேன்.

சங்கத்துச் செயலாளர் அம்மா நேற்று மறுபடி கூப்பிட்டார். எலும்பு டாக்டர் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஐந்து நிமிஷம் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம், ஆனால் நாசூக்காகப் பேச வேண்டும், ரொம்பப் போனால் மைக்கை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார். சரி என்றேன். முதல் ஐந்து நிமிஷத்தையே எடுத்துக்கொள்வதாக முடிவும் செய்தேன்.

சாயங்காலம் பத்மாவதி அம்மாளுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னார். தனியாக இல்லை, ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்து, கருவேப்பிலைக்கு வந்த அத்தனை பேரோடும். முதல் வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொன்னார்.

“மைக்கை நிறுத்திடுவாங்களாம்மா” என்றேன்.

“நிறுத்தட்டும் சிஸ்டர். மாதாஜி முன்னாடி நின்னு சொன்னப்போ எங்கிட்ட என்ன, மைக்கா இருந்துது?”